பீற்றரின் கொட்டேஜை நாங்கள் திறந்த விதம்

எங்கள் ஆட்களுக்குத் தெரியாத வேலை என்று ஒன்றும் கிடையாது. நம்பிக்கை இல்லாவிட்டால் கேட்டுப் பாருங்கள். கூரைக்கு ஓடு மாற்றத் தெரியுமோ என்றால், தெரியும். காரின் எஞ்சினை இறக்கத் தெரியுமோ என்றால், அதுவும் தெரியும். தெரியாது என்ற விசயம் வேலை முடிந்த பிறகுதான் வெளியே வரும். இந்தக் கூட்டத்தில் நான் இன்னும் ஒரு படி மேலே. கேள்வி முழுதாக வந்து முடியும் முன்னரே "ஓம், ஓம், பிரச்சினை இல்லை" என்று தலையாட்டிவிடுவேன். (என் மனைவி வதனி இதை ஒரு நோய் என்கிறாள். இருக்கலாம். பரம்பரை நோய்.)

அந்த நோய் முற்றியிருந்த ஒரு வசந்த காலத்தில், என் மனேச்சரின் கொட்டேஜைத் திறந்துவைக்க நான் ஒப்புக்கொண்டேன்.

கொட்டேஜ் என்பது ஏரிக்கரையில் இருக்கும் மரவீடு. கனடாவில் கொஞ்சம் வசதியான ஆட்கள் வைத்திருப்பார்கள். கோடையில்தான் போய் இருப்பார்கள். குளிர் தொடங்கும் முன், குழாய்களில் இருக்கும் தண்ணீரையெல்லாம் வடித்து, மின்சாரத்தை நிறுத்தி, பூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் பனிக்குக் குழாய்கள் வெடித்துவிடும். மே மாதத்து நீண்ட வார இறுதியில் மறுபடி போய்த் திறப்பார்கள். திறப்பது என்றால் கதவைத் திறப்பது இல்லை. மின்சாரத்தைப் போட வேண்டும், பம்பைப் பூட்ட வேண்டும், படகுத் துறையைத் துண்டு துண்டாகத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும், குளிர்காலம் முழுக்க வாடகை இல்லாமல் குடியிருந்த எலிகளை எழுப்ப வேண்டும். இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது. தெரியும் என்று சொல்லியிருந்தேன்.

சொன்னதற்குக் காரணம் அம்மா.

ஊரில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த ஆண்டு அது. அந்த வசந்தத்தில் ரொறன்ரோவில் எந்தத் தமிழ் வீட்டிலும் யாரும் ஒழுங்காகச் சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. இளம் ஆட்கள் போராட்டம் என்று தெருவில் நின்றார்கள். வயதான ஆட்கள் ரீவிக்கு முன்னால் இருந்தார்கள். அம்மாவின் தம்பி ராசன் மாமா குடும்பத்தோடு வன்னியில் அகப்பட்டிருந்தார். மாசி மாதத்தில் ஒருமுறை கதைத்தார், அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அம்மா ஸ்காபுறோவில் எங்கள் அப்பார்ட்மென்ற் சோபாவில், ரிமோட்டைக் கையில் பிடித்தபடி இருந்தார். இரவும் பகலும் அப்படித்தான். வெறும் தேத்தண்ணியும் அரை பிஸ்கற்றும்தான் சாப்பாடு. இருந்தபடியே பத்து நிமிடம் கண்ணயர்வார், திடுக்கிட்டு எழும்பி ரீவியைப் பார்ப்பார். உடம்பு பாதியாகிவிட்டது. எங்கள் குடும்ப டொக்டர் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மருந்து எழுதித் தரலாம். ஆனா சாப்பிடாத ஆளுக்கு மருந்து என்ன செய்யும்? மூண்டு நாளைக்கெண்டாலும் ரீவி இல்லாத இடத்துக்குக் கொண்டு போங்கோ. சாப்பிட்டு நித்திரை கொள்ள வேணும். இல்லாட்டி ஆஸ்பத்திரியிலைதான் கொண்டே விட வேண்டி வரும்."

ஸ்காபுறோவில் ரீவி இல்லாத தமிழ் வீட்டை எங்கே தேடுவது?

இதை மிசிசாகாவில் என் அலுவலகத்து மதியச் சாப்பாட்டு மேசையில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தேன். மனேச்சர் பீற்றர் கேட்டுவிட்டார். நல்ல மனிதர். ஆறடி உயரம், இடது முழங்காலில் அப்போதுதான் சத்திரசிகிச்சை முடிந்து கைத்தடியோடு திரிந்தார். இந்த வருடம் தன்னால் போய்க் கொட்டேஜைத் திறக்க முடியாது, நீ போய்த் திறந்துவைத்தால் அந்த மூன்று நாளும் அம்மாவோடு அங்கேயே தங்கலாம் என்றார். உனக்கு இந்த வேலை தெரியுமா என்றும் கேட்டார்.

நான் சொன்ன பதிலை நீங்களே ஊகிக்கலாம்.

பிறகு பீற்றர் மேசையில் இருந்த சாமான்களை எடுத்து வைத்து விளக்கம் சொன்னார். கெச்சப் போத்தல்தான் ஏரி. உப்புக் குப்பி பம்ப். மிளகுக் குப்பி என்னவோ ஒன்று. அதை உப்புக்குப் பக்கத்தில் வைத்து, இதுதான் முதல், இதை மறந்தால் எல்லாம் போச்சு என்று இரண்டு தரம் தட்டிக் காட்டினார். நான் ஒவ்வொரு தட்டுக்கும் தலையாட்டினேன். உண்மையில் என் மூளை வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஒரு ரீவி இருக்கிறது என்று நடுவில் சொல்லியிருந்தார். ரிமோட்டை எங்கே ஒளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் இரண்டு நிபந்தனை வைத்தார். அக்கா ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மாமாவிடமிருந்து எந்த நேரம் அழைப்பு வந்தாலும் எடுக்க வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் அக்காவோடு கதைத்துச் செய்தி கொண்டுவர வேண்டும். அக்கா வீட்டில் நிற்க, அவளுடைய புருசன் எங்களோடு வந்தார். அவர்தான் அத்தான். விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் பகுதியில் வேலை. நாங்கள் போன வான் வண்டி அவருடையது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. அதையெல்லாம் எப்படிச் சமாளித்தோம் என்ற விசயத்தில் அத்தான் ஒரு பேராசிரியர். ஆனால் பதினைந்து வருடமாக அவருடைய வகுப்புக்கு ஒரு மாணவனும் வரவில்லை. கனடாவில் யாருக்கு அது தேவை?

வான் நிறையச் சாமான். அரிசி, மா, மிளகாய்த்தூள், தேங்காய், தேங்காய் துருவத் துருவலை. (ஒரு வார இறுதிக்குத்தான் போகிறோம் என்று சொன்னேன். "அங்கை துருவலை வைச்சிருப்பினமோ?" என்று அம்மா கேட்டார். துருவலையும் ஏறியது.) ஒஷாவா தாண்டி வடக்கே திரும்பியதும் வானில் தமிழ் வானொலி கரகரத்து, ஒரு செய்தி வாசிப்பின் நடுவில் செத்துப்போனது. அம்மா அதை நோக்கிக் கையை நீட்டினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கொட்டேஜ் நல்ல வடிவான இடம். வெள்ளை அடித்த முன்விறாந்தை, அதற்கு முன்னால் புல்வெளி, ஒரு பக்கம் பூப்பாத்தி, கீழே ஏரி, ஏரிக்கரையில் ஒரு சின்னக் கொட்டில். நான் வீட்டுக்காரன் மாதிரிக் கதவைத் திறந்து, சுவிச்சைப் போட்டேன். லைற் எரியவில்லை. மற்றதைப் போட்டேன். அதுவும் இல்லை. அத்தான் ஒவ்வொரு அறையாகப் போய் எல்லாச் சுவிச்சையும் போட்டுப் பார்த்தார். சமையலறைச் சுவரில் மின்சாரப் பெட்டி இருந்தது. அதைத் திறந்து, எனக்கு எல்லாம் விளங்கும் என்ற முகத்தோடு பார்த்தேன். சின்னச் சின்னச் சுவிச்சுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி இருந்தன. பிழை ஒன்றும் தெரியவில்லை.

"அத்தான், கரண்ட் இல்லை."

"இல்லையோ? சரி."

இந்தச் "சரி"யை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். கனடாவில் பிறந்த ஒருவன் கரண்ட் இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று கேட்பான். எங்கே பிழை, யாரைக் கூப்பிடலாம் என்று தேடுவான். எங்களுக்கு அந்தக் கேள்வியே வராது. நாங்கள் வளர்ந்த இடத்தில் கரண்ட் வருடக்கணக்காக இல்லை. ஏன் இல்லை என்று கேட்டு யாரும் பதில் பெற்றதும் இல்லை. கரண்ட் இல்லை என்றால் இல்லை, அடுத்த அலுவலைப் பார். அப்படியே நாங்கள் நான்கு பேரும் அடுத்த அலுவலைப் பார்த்தோம். வதனி மட்டும் ஒரு சொல் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, உங்கடை மனேச்சருக்கு ஒருக்கா ஃபோன் எடுத்துக் கேளுங்கோவன்."

"எனக்குத் தெரியும் வதனி. இது ஏரியா முழுக்கப் போன கட்."

அப்படிச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி. அம்மா வந்ததும் வராததுமாக ரீவிக்குக் கிட்டப் போய், அதில் இருந்த எல்லாப் பொத்தானையும் அமத்திப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பியிருந்தார். கரண்ட் இல்லாவிட்டால் ரீவியும் இல்லை. கடவுளே பார்த்துச் செய்தது என்று நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ரிமோட்டையும் எடுத்து ஒளித்தேன்.

இருட்டியதும் ஏரியின் அக்கரையில் வரிசையாக லைற்றுகள் எரிந்தன. வதனி விறாந்தையில் நின்று அதைக் காட்டினாள்.

"அண்ணை, அங்காலை எல்லாம் எரியுதே?"

அத்தான் திரும்பியும் பார்க்கவில்லை. "அது வேறை லைன் பிள்ளை. ஊரிலையும் ஆமிக் காம்ப் பக்கம் எரியும், எங்கடை பக்கம் எரியாது. எல்லா இடமும் உதுதானே."

அதில் பிழை இருப்பதாக எங்கள் ஒருவருக்கும் படவில்லை.

அத்தானுக்குப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு வகுப்புத் தொடங்கியது. பீற்றரின் மனைவி அலுமாரியில் அழகுக்கு வைத்திருந்த கண்ணாடிக் குவளைகளை அத்தான் எடுத்து, பஞ்சு திரித்து, நல்லெண்ணெய் விட்டு, தடைக் காலத்து ஜாம் போத்தல் விளக்குகள் மாதிரிச் செய்தார். கொட்டேஜ் ஒரு சிவன் கோயில் மாதிரி ஆனது. அடுத்த பிரச்சினை தண்ணீர். பம்புக்குக் கரண்ட் வேண்டும், அதனால் குழாயில் தண்ணீர் இல்லை. வாளியும் கயிறும் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனோம். அதற்கடுத்து கக்கூசு. மூடியைத் திறந்து பார்த்த அத்தான், இரண்டடி பின்னால் பாய்ந்தார்.

"தம்பி, ஒருத்தரும் உதிலை குந்திப்போடாதையுங்கோ! உள்ளை றோஸ் கலர்லை ஏதோ மருந்து கிடக்கு!"

அது குழாய் உறையாமல் இருக்க ஊற்றும் திரவம். ஒரு வாளி தண்ணீர் அடித்து ஊற்றினால் போய்விடும். இதுவும் எனக்கு இப்போதுதான் தெரியும். அன்றைக்கு அத்தான் ஒரு மண்வெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு, குழி வெட்ட இடம் பார்த்தார். காடு முழுக்கக் கல். புல்வெளி முழுக்க வேர். மண் லேசாக இருந்த ஒரே இடம் அந்தப் பூப்பாத்தி. பீற்றரின் மனைவியின் ரியூலிப் பூக்கள் அப்போதுதான் மொட்டு விட்டிருந்தன. அத்தான் அவற்றைக் கிழங்கோடு கிண்டி, வெங்காயம் மாதிரி ஒரு பக்கம் குவித்தார். பீற்றரின் படகை மூடியிருந்த நீலத் தறப்பாளை இழுத்துச் சுற்றிக் கட்டினார். உட்கார்ந்து எழும்ப வசதியாகப் படகுத் துறைப் பலகையில் ஒன்றை மேலே போட்டார். வேலை நேர்த்தியானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "முகாமிலை இருந்ததை விட உது திறம்" என்று அம்மா சான்றிதழ் கொடுத்தார். குவிந்து கிடந்த கிழங்குகளில் ஒன்றை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, "இது வெங்காயமில்லை" என்று திரும்பப் போட்டார். நல்ல காலம்.

வீட்டுக்குப் பின்னால் விறகு எரிக்க ஒரு வட்டக் குழி இருந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, காற்றுக்கு நெருப்பு நிற்காது என்றார். விறாந்தையின் ஒதுக்குப்புறத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். விறாந்தைக் கூரையின் வெள்ளைப் பலகை கறுக்கத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. காரணம், அம்மா அடுப்புக்கு முன்னால் குந்தி இருந்து ஊதிக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாகச் சோபாவை விட்டு எழும்பாத மனிசி.

"டேய் தம்பி, சும்மா நிக்காமல் ஈரமில்லாத விறகாப் பாத்துக் கொண்டா. பிள்ளை, தேங்காயைத் துருவு. மருமேன், தண்ணி காணாது, இன்னும் ரெண்டு வாளி."

எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. தண்ணீர் அள்ள வேண்டும், காய்ச்ச வேண்டும், ஆற வைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், விளக்குக்குத் திரி போட வேண்டும். ஒரு வேலை முடிய இன்னொன்று. புல்வெளி முழுக்க மஞ்சள் பூப் பூக்கும் ஒரு களை இருந்தது. அம்மா அதன் இலையை நுனி நாக்கில் வைத்துப் பார்த்து, "கசப்புத்தான், ஆனா கீரை" என்று மடி நிறையப் பிடுங்கி வறை வறுத்தார். பருப்பு, சோறு, வறை, சம்பல். அம்மா ஒரு கோப்பைச் சோறு சாப்பிட்டார். நானும் வதனியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், ஒன்றும் கதைக்கவில்லை. கதைத்தால் நின்றுவிடுமோ என்ற பயம்.

இரவு குளிர் ஏறியது. மின்சார ஹீற்றர் வேலை செய்யாது. மெத்தைகளை இழுத்து நடு அறையில் போட்டு, இருந்த போர்வையெல்லாம் விரித்து, நான்கு பேரும் வரிசையாகப் படுத்தோம். இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மண்டபங்களில் படுத்த மாதிரியே. எலிகள் தலைமாட்டால் ஓடின. அத்தானின் குறட்டை ஏரிக்கு அப்பாலும் கேட்டிருக்கும். அம்மா படுத்த உடனே நித்திரையாகி, சூரியன் நன்றாக ஏறிய பிறகுதான் எழும்பினார். முழுதாக ஒரு இரவு. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை இங்கே மறைக்க ஒன்றுமில்லை.

கைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. நான் வானை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரின் பெற்றோல் நிலையத்துக்குப் போய் அக்காவுக்கு எடுத்தேன். முதல் நாள் அக்கா, மாமாவிடமிருந்து ஒன்றும் இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை எடுத்தபோது அவளால் கதைக்க முடியவில்லை.

"முடிஞ்சுதடா. எல்லாம் முடிஞ்சுதெண்டு சொல்லுறாங்கள். மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மாட்டை இப்ப சொல்லிப்போடாதை. சாப்பிடுறாவோ?"

"சாப்பிடுறா. நித்திரையும் கொள்ளுறா."

"அப்ப இன்னும் ஒரு நாள் கொள்ளட்டும்."

பெற்றோல் நிலையத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண், கொட்டேஜ் எப்படி, எல்லாம் வேலை செய்கிறதா என்று கேட்டாள். பிரச்சினை இல்லை என்றேன். திரும்பி வந்து அம்மாவுக்குப் புதிதாக ஒன்றும் இல்லையாம் என்று சொன்னேன். அம்மா என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, விறகு எங்கே என்றார்.

திங்கட்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடுவதாகத் திட்டம். அதற்கு முன் அத்தான் ரியூலிப்புகளைத் திரும்ப நட, நான் விறாந்தைக் கூரையைக் கழுவ, ஒன்றும் நடக்காத மாதிரி வீட்டைப் பூட்டித் திறப்பைப் பீற்றரிடம் கொடுத்துவிடலாம். அம்மா சோற்றை அடுப்பில் வைத்துவிட்டார். நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு, வெறும் மேலோடு, இரண்டு கையிலும் வாளியோடு ஏரியிலிருந்து ஏறி வந்தேன். எதிரே பீற்றரின் கார் வந்து நின்றது.

மூன்று நாளாக நான் ஒரு ஃபோனும் எடுக்காததால் அவருக்குக் கவலையாகப் போய்விட்டதாம். காரிலிருந்து கைத்தடியை ஊன்றி இறங்கியவர், அப்படியே நின்றார். அவர் கண்ட காட்சியை நானும் அவர் கண்ணாலேயே பார்த்தேன். புகைந்துகொண்டிருக்கும் விறாந்தை. கொடியில் காயும் எங்கள் உடுப்புகள். பூப்பாத்தி இருந்த இடத்தில் நீலத் தறப்பாள் கூடாரம். அதற்குள்ளிருந்து, கையில் ஒரு போத்தல் தண்ணீரோடு, அந்த நேரம் பார்த்து வெளியே வந்த அத்தான்.

"குட் மோர்னிங்" என்றார் அத்தான்.

பீற்றர் கார்க் கதவைச் சாத்தினார். பிறகு மெதுவாக, என்ன நடந்தது என்று கேட்டார்.

"கரண்ட் இல்லை" என்றேன்.

"எப்போதிலிருந்து?"

"வந்ததிலிருந்து."

"மிளகுக் குப்பி?" என்றார் பீற்றர்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு நொண்டி நொண்டி ஏரிக்கரைக் கொட்டிலுக்குப் போனார். நாங்கள் மூன்று நாளும் வாளியோடு போய்வந்த பாதையில், பத்துப் பதினைந்து தரம் தாண்டிப்போன கொட்டில். கதவைத் திறந்து உள்ளே கையை விட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். மிளகுக் குப்பி என்பது வீட்டுக்கே கரண்ட் விடும் மெயின் சுவிச்.

அத்தான் முதல் நாள் போட்டுப் பார்த்த சுவிச் ஒன்றையும் யாரும் நிறுத்தவில்லை. பட்டப்பகலில் வீட்டின் எல்லா லைற்றும் எரிந்தன. பிரிட்ஜ் உறுமியது. எங்கோ ஒரு மணிக்கூடு அலறியது. நான் வெட்கத்தில் நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு நீடிக்கவில்லை. ரீவியும் வந்துவிட்டது.

பீற்றர் போன வருடம் கடைசியாகப் பார்த்த செய்திச் சனல். கடற்கரை மணல், புகை, ஒரு வரைபடம், கீழே ஓடும் எழுத்துகள். இலங்கையில் யுத்தம் முடிந்துவிட்டது என்று ஓடியது. திரும்பத் திரும்ப ஓடியது. வதனி நிலத்தில் இருந்துவிட்டாள். அத்தான் வாசலில் நின்றார், கையில் இன்னும் அந்தப் போத்தல். நான் ரிமோட்டைத் தேடி ஓடினேன். ஒளித்த இடம் மறந்துவிட்டது. மெத்தைகளைப் புரட்டினேன், அரிசிப் பையைக் கொட்டினேன், அலுமாரியைக் கலைத்தேன். ரீவியின் பொத்தான்களை அமத்தினால் சத்தம்தான் கூடியது. உலகமே முடிந்துபோன நேரத்தில் ஒரு மடையன் நான்கு காலில் சோபாவுக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தான். அது நான்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ரீவியைப் பார்த்தார். அழவில்லை. ஓடிய எழுத்தை ஒருமுறை கடைசி வரை பார்த்தார். அவருக்கு இங்கிலிஸ் வாசிக்கத் தெரியும்.

"தம்பி, எழும்பு. அந்தாளிட்டைச் சொல்லு, அந்தச் சுவிச்சைத் திரும்ப நிப்பாட்டச் சொல்லி."

"அம்மா..."

"சோறு வெந்திட்டுது. சாப்பிட்டு முடியுமட்டும் நிப்பாட்டி வைக்கட்டும். பிறகு பாப்பம்."

நான் பீற்றரிடம் இங்கிலிசில் சொன்னேன். அவர் ரீவியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கைத்தடியை ஊன்றி, திரும்ப அந்தச் சரிவில் இறங்கிப் போய், சுவிச்சை நிறுத்தினார். வீடு முழுக்க அமைதியானது.

விறாந்தையில் இருந்து சாப்பிட்டோம். பீற்றருக்கும் ஒரு கோப்பை. தன் புல்வெளியில் முளைத்த களையைத்தான் சாப்பிடுகிறார் என்று தெரிந்தும், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். அம்மா தன் கோப்பையை முழுதாகச் சாப்பிட்டார். எங்கள் எல்லோருடைய கோப்பையையும் பார்த்தார், மிச்சம் விட்டவர்களைச் சாப்பிட வைத்தார். கையைக் கழுவினார். "இப்ப போடச் சொல்லு" என்றார். ரீவிக்கு முன்னால் போய் இருந்து, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார். பீற்றர் வெளியே, அந்தக் குழிக்குப் பக்கத்தில், ரியூலிப் கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு எங்கே போவது என்று தெரியவில்லைப் போலும்.

ராசன் மாமா பிழைத்தார். ஊரில் மழை தொடங்குவதற்கு முன் ஒரு முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய ஃபோனில் கதைத்தார். அவருடைய மூத்த மகன் பிழைக்கவில்லை. அந்த அழைப்பை எடுத்தது அம்மாதான்.

பீற்றரின் விறாந்தைக் கூரையை நானும் அத்தானும் அடுத்த வாரம் போய்ப் புதிதாக வெள்ளை அடித்துக் கொடுத்தோம். ரிமோட் அந்தக் கோடையில் கொட்டேஜின் மாப்பெட்டிக்குள் அகப்பட்டதாம். பீற்றர் ஓய்வுபெறும் வரை, அலுவலகத்தில் நான் எதற்காவது "பிரச்சினை இல்லை" என்றால், பேசாமல் மேசையில் இருக்கும் மிளகுக் குப்பியை என் பக்கம் தள்ளிவைப்பார்.

எங்கள் வீட்டில் தங்கிப்போனது வேறு. ரீவியில் கெட்ட செய்தி வந்தால், கலியாண வீட்டில் அரசியல் கதைத்துக் குரல் உயர்ந்தால், அக்காவும் அத்தானும் சண்டை பிடித்தால், யாராவது ஒருவர் "மெயினை நிப்பாட்டு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என்னைக் காட்டி அந்தக் கதையைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்வார்கள். குழி ஒவ்வொரு தரமும் ஒரு அடி ஆழமாகும். என் சாரம் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் சின்னதாகும்.

அதற்குப் பிறகு பிறந்தவள் என் மகள். அது பழைய தமிழ்ப் பழமொழி என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆளுக்கொரு பழமொழி சொல்லச் சொன்னபோது, எழும்பி நின்று "மெயினை நிப்பாட்டு" என்றிருக்கிறாள். அப்படி ஒரு பழமொழி கேள்விப்படவில்லையே, கருத்து என்ன பிள்ளை என்று ரீச்சர் கேட்டிருக்கிறார்.

"முதல் சாப்பிட வேணும் ரீச்சர்" என்றாளாம். "பிறகுதான் அழ வேணும்."